அந்தோனியார் டாங்கி

புதிதாக வரும் டாங்கிப் பெட்டிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. உண்மையான டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மைதான். அதற்கு இப்போது ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் கொடுக்கிறார்கள். சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. கண் கெட்டு, கழுத்து நொந்து, ஒரு மாதம் குந்தியிருந்து செய்து முடித்தால், டாங்கியின் மேல் ஓடும் அடி ஓடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நூலளவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பழைய பெட்டிகள் அப்படியில்லை. நான் பிறப்பதற்கு முன்னரே செதுக்கிய அச்சில் இன்றைக்கும் வார்த்து விற்கிற ஒரு டாங்கி இருக்கிறது. போன மாதமும் ஒன்று செய்தேன். நூற்றுச் சொச்சம் துண்டுகள், மூன்று பின்னேரங்கள், அவ்வளவுதான். பசை பூசுமுன்னரே மேலோடு டக்கென்று போய் உட்கார்ந்துவிட்டது. கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த அச்சைச் செதுக்கியவன் வேலை தெரிந்தவன்.

அதே டாங்கியை நான் முதன்முதலில் செய்தது எங்கள் ஊரான பாலையூற்றில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணாவுக்குப் பதினெட்டு, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா சவூதியில் வேலை. வீட்டில் அம்மா, அண்ணா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று நாலு பேர்.

மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே வந்து நங்கூரமிடும் கப்பல்களுக்கு மரக்கறியும் இளநீரும் ஏற்றிக்கொண்டு போகும் வள்ளத்தில் அவர் ஓட்டி. அப்படிப் போன ஒரு கப்பலில் இருந்த எஞ்சினியர், தன் மகனுக்கென்று எப்போதோ வாங்கிய பெட்டியை, மகன் மீசை முளைத்து வளர்ந்துவிட்டான் என்று மாமாவிடம் கொடுத்துவிட்டார். அப்போதே அது பழைய பெட்டி. மூடியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு குழலை நீட்டியபடி ஒரு டாங்கி பாய்ந்து வரும் படம் இருந்ததாம். துறைமுக வாசலில் பை திறந்து பார்க்கிற கடற்படைக்காரன் அந்தப் படத்தைக் கண்டால் தன் கதை என்னாகும் என்று மாமா வள்ளத்தில் வைத்தே யோசித்திருக்கிறார். மூடியைக் கடலில் விட்டுவிட்டு, மிச்சத்தை வெங்காயச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆக எங்கள் கைக்குக் கிடைத்தது மூடியில்லாத பெட்டி, காய்ந்து கல்லாகிவிட்ட ஒரு பசை ரியூப், யப்பான் எழுத்தும் அம்புக்குறிகளுமாக ஒரு விளக்கத்தாள், பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கிய பச்சைத் துண்டுகள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ" என்று மாமா சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பெட்டியை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது கலியாணம் முடிக்காத அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அம்மாவுக்குப் பார்த்தவுடனேயே பத்திக்கொண்டு வந்தது.

"றோட்டெல்லாம் ஆமி. இதுக்குள்ள வீட்டுக்குள்ளயும் ஒரு டாங்கியோ? கொண்டுபோய் அடுப்புக்குள்ள வை."

"விளையாட்டுச் சாமான் அக்கா. முடிச்சாலும் பாண் துண்டளவுதான் வரும்."

அம்மா இறங்கி வந்தாள், ஆனால் சட்டங்கள் போட்டாள். வெளியே யாரிடமும் இதைப்பற்றிக் கதைக்கக்கூடாது. முடித்ததும் அலுமாரிக்குள் வைக்க வேண்டும். முக்கியமாக, ஆமிப் பச்சையில், அதாவது இராணுவ உடையின் நிறத்தில், அது வீட்டில் நிற்கக்கூடாது. மூன்றுக்கும் நான் தலையாட்டினேன். அம்மாவின் சட்டங்களுக்குத் தலையாட்டுவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல பயிற்சி இருந்தது.

காய்ந்த பசைக்குப் பதிலாக மாமா தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசையை ஒரு சின்னத் தகரத்தில் கொண்டுவந்து தந்தார். சமையல் நடக்கிற குசினி முழுக்க அதன் நாற்றம். நான் அடியோட்டைப் பிடித்துக்கொண்டேன். சக்கரங்களை வெட்டி எடுத்து, தழும்பைச் சிமெந்துத் தரையில் தேய்த்து மழுப்பி, ஒன்றொன்றாகக் கோத்தேன். ஒரு துண்டாவது முரண்டு பிடிக்க வேண்டுமே! எதை எங்கே வைத்தாலும் அது அங்கேயே இருக்கப் பிறந்ததுபோல் இருந்தது. அண்ணா ரியூசன் முடிந்து வந்து, "தள்ளடி, இது பெரிய ஆக்கள் செய்யிற இடம்" என்று சொல்லி, சுற்றித் திரும்புகிற மேற்கூட்டையும் குழலையும் தன் பங்காக எடுத்துக்கொண்டான். அந்தக் குழல் இரண்டு பாதியாக வரும். இரண்டையும் சரிசமமாக வைத்து, நூலால் கட்டி, ஒரு நாள் விட வேண்டும். அண்ணாவுக்கு எங்கே பொறுமை! ஒட்டிய கையோடு தூக்கிப் பார்த்தான். குழல் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து காய்ந்துவிட்டது. அது பெட்டியின் குற்றமில்லை, கையின் குற்றம். இதை நான் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் இருந்தவர்களுக்கும், எங்கள் பூனைக்கும், சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

அடுத்தது பெயின்ற். மூடி கடலோடு போனதால் அது என்ன நிறம் என்றே எங்களுக்குத் தெரியாது. பச்சை கூடாது என்று அம்மாவின் கட்டளை வேறு. மாமாவின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம் அரை ரின் கிடந்தது. அடித்தேன். பளபளவென்று அப்படி ஒரு நீலம். அடித்து முடித்துப் பார்த்தால் ஏதோ குறைகிறது. எங்கள் பக்கத்தில் நீலம் அடித்த எந்தச் சாமானும் பெயர் இல்லாமல் நிற்காது. வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்தால் அன்றைக்கே பக்கத்தில் புனிதரின் பெயரை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். ஆகவே ஈர்க்கை வெள்ளைப் பெயின்றில் தோய்த்து, வலப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "அந்தோனியார் துணை" என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து மூலையால் திரும்பிப் பின்பக்கம் போய்விட்டது. மாமா பார்த்துவிட்டு, எழுத்துக் கோணல், ஆனாலும் பரவாயில்லை என்றார். அம்மா அந்தோனியாரைக் கண்டதும் முகம் மலர்ந்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். தமிழ் எழுதிய டாங்கி ஒன்றை அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது வள்ளம்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு பக்கத்து ரப்பர் பட்டியும் ஏறிவிட்டது. மற்றப் பட்டி மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் மாமா குசினிக்குள் வந்து, டாங்கியை உள்ளங்கையில் தூக்கி வைத்து, "அச்சாவாய் வந்திருக்கு. ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா" என்றான் அண்ணா. "இவ சும்மா துண்டு எடுத்துத் தந்தவ."

சும்மா துண்டு எடுத்துத் தந்தவளாம்! எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஆமிச் சோதனைச் சாவடிக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். அண்ணாவின் கையைக் கடித்தேன். அம்மா இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று போட்டு ஓயவைத்தாள். பழிக்குப் பழி என்று அண்ணா அந்த விளக்கத்தாளை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டான். தான் இல்லாமல் மற்றப் பட்டி ஏறாது என்று அவன் எண்ணம். தாள் யாருக்கு வேண்டும்? எனக்குத்தான் எல்லாம் பாடமாச்சே. ஆனாலும் நானும் விட்டுக்கொடுக்காமல், அவன் மன்னிப்புக் கேட்கும்வரை பட்டியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஐந்து நாள் பேசவில்லை. டாங்கி ஒற்றைக் காலில் அலுமாரிக்குள் நின்றது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. விடிந்து வெகுநேரமாகியும் ரொட்டி விற்க வருகிற பாண்காரனின் மணிச்சத்தம் கேட்கவில்லை. பாண்காரன் வராவிட்டால் எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமி நிற்கிறது என்று எங்களுக்குக் கணக்கு. மாமா அதற்கு முன்னரே துறைமுகத்துக்குப் போயிருந்தார். அம்மா அடையாள அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணாவைத் தன் பக்கத்தில் கதிரையில் இருத்தி, என்னையும் இழுத்து மடியோடு அணைத்தாள். வெளியே பெடியன்களை ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியில் நின்ற லொறிக்குப் பக்கத்தில் குந்தவைக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டுக்குள் இரண்டு ஆமிக்காரரும் ஓர் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரிக்கு அண்ணாவைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கொஞ்சம் தமிழ் பேசினார். ஒருவன் அலுமாரியைத் திறந்தான். திறந்தவன் கத்தினான். நீல டாங்கியும் அதன் மற்றப் பட்டியும் மேசைக்கு வந்தன. அதே நேரம் மற்றவன் அண்ணாவின் புத்தகங்களை உதறினான். பௌதிகப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்த விளக்கத்தாள் விழுந்தது. டாங்கியின் வயிற்றையும் குடலையும் பிரித்துப் போட்டு, அம்புக்குறியும் இலக்கமும் இட்டு, யாருக்கும் விளங்காத எழுத்தில் குறிப்பு எழுதிய தாள். அதிகாரி டாங்கியையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதில என்ன எழுதி இருக்கு?"

"அந்தோனியார், சேர். சாமி பேர்" என்றாள் அம்மா.

"டாங்கியில சாமியா? தமிழில?" புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அதில் இருந்த பெயரைப் படித்து, அண்ணாவின் அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். "நீதான் செய்தது?"

அண்ணா எழும்பி நின்றான். அந்த நாட்களில் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பெடியனை விசாரணைக்கு என்று லொறியில் ஏற்றினால், அவன் எப்போது இறங்குவான், இறங்குவானா என்று யாராலும் சொல்ல ஏலாது. அம்மாவுக்கு அது தெரியும். அண்ணாவுக்கு அது தெரியும். அந்த அதிகாரிக்கும் நன்றாகத் தெரியும். அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் நான்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவைப் போல இவரும் பிழையான ஆளைப் பார்த்துக் கேட்கிறார் என்பதுதான்.

"அண்ணா செய்யேல்ல! நான்தான் செய்தனான்!"

அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொய் சொல்ல வேணாம். சின்னப் பிள்ளைக்கு இது ஏலாது."

"ஏன் ஏலாது? ஆர் சொன்னது ஏலாதெண்டு?"

துவக்கோடு நின்ற மனிதரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. டாங்கிக்குப் பக்கத்தில் கிடந்த மற்ற ரப்பர் பட்டியைச் சாரைப்பாம்பைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"அப்ப இதைப் போடு. நான் பாக்க."

நான் அம்மாவின் மடியிலிருந்து இறங்கினேன். "அம்மா, லாம்பைக் கொளுத்துங்கோ" என்றேன். பகல் நேரத்தில் லாம்பு எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. இரண்டு நெருப்புக் குச்சி முறிந்து, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. பழைய டாங்கிகளின் பட்டி நீளமான ஒரே ரப்பர். அதன் ஒரு நுனியில் நாலு சின்ன முளைகள், மற்ற நுனியில் நாலு ஓட்டைகள். முளைகளை ஓட்டைக்குள் விட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியை நெருப்பில் காட்டி, முளையின் தலையில் ஒற்ற வேண்டும். உருகித் தட்டையாகிப் பிடித்துக்கொள்ளும். கூடச் சூடானால் எரிந்து அறுந்துவிடும், சூடு காணாவிட்டால் பிடிக்காது. சூடு சரியா என்று அறிய, நுனியை முதலில் வேண்டாத ஒரு பிளாஸ்டிக் குச்சியில் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஊதி ஆற்றினேன். பின்பக்கத்துப் பல்லுச் சக்கரத்தில் முதலில் மாட்டி, பெருவிரலால் இழுத்து, முன் சக்கரத்துக்குமேல் எறிந்தேன். ஏறிச் சப்பென்று உட்கார்ந்தது. கை ஒருக்காலும் நடுங்கவில்லை. ஏன் நடுங்க வேண்டும்? எனக்குத் தெரிந்த வேலைதானே.

அதிகாரி டாங்கியை மேசையில் உருட்டினார். நேராக ஓடியது. தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலோடு பார்த்தார்.

"குழல் கோணல்" என்றார். "இது ஆர் செய்தது?"

அட, அதைத்தானே நான் ஒரு கிழமையாகப் பூனைக்குக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தபடி நின்றான். வெள்ளையாய்ப் போயிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: சும்மா துண்டு எடுத்துத் தந்தவ. குழல் அவன் செய்தது என்று ஒத்துக்கொண்டால், டாங்கியில் அவனுக்கும் ஒரு பங்கு வந்துவிடும்.

"அதுவும் நான்தான்" என்றேன். "வெயிலுக்கு வளைஞ்சு போச்சு. அண்ணாவுக்கு இதெல்லாம் ஏலாது. அவருக்குப் பசை பூசவே தெரியாது. அவர் சும்மா துண்டு எடுத்துத் தந்தவர்."

அதிகாரி சிரித்துவிட்டார். சிங்களத்தில் ஏதோ சொன்னார், ஆமிக்காரர் இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுத்தின்மேல் விரலை வைத்து, இதை அழி என்று எனக்குக் கட்டளையிட்டார். விளக்கத்தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். அண்ணாவின் அடையாள அட்டையை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார். மூன்று சோடி சப்பாத்துச் சத்தமும் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிற்று.

அன்றைக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து ஐந்து பெடியன்களை லொறியில் ஏற்றினார்கள். நாலு பேர் திங்கட்கிழமை திரும்பி வந்தார்கள். ஐந்தாவது பெடியனின் தாய் அதன்பிறகு பல வருடங்கள் முகாம் வாசலுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் பெரியவளாகிப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகும் அவள் போவதைக் கண்டிருக்கிறேன்.

என் வீட்டிலோ அன்று எனக்குத் திருவிழா. அம்மா பாரை மீன் பொரித்து நடுத்துண்டு முழுவதையும் எனக்கே வைத்தாள். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வந்த மாமாவிடம் குசினிக்குள் வைத்து இரகசியமாக ஏதோ சொன்னாள். மாமா வெளியே வந்து என்னைத் தூக்கி, "கெட்டிக்காரி, கெட்டிக்காரி" என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினார். "நான் முன்னமே சொன்னனான்தானே, நீங்கள்தான் நம்பேல்ல" என்றேன். டாங்கியை யார் செய்தது என்று ஒருவழியாக அவருக்கும் விளங்கிவிட்டதே என்று எனக்குத் திருப்தி. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் கலியாணவீடு, செத்தவீடு எங்கே கூடினாலும், அண்ணனைக் காப்பாற்றிய தங்கச்சி என்று யாராவது என்னை அறிமுகப்படுத்துவார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அவனைக் காப்பாற்றவில்லை. பங்கு கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மாமா கேட்ட அன்றைக்கு அவன் மட்டும் நியாயமாக, "குழல் நான், மிச்சம் தங்கச்சி" என்று சொல்லியிருந்தால், நானும் அந்த அதிகாரியிடம் நியாயமாக அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று பின்னேரம் நான் முற்றத்துப் படியில் இருந்து, எழுத்தை நீலத்தால் அழித்துக்கொண்டிருந்தேன். அண்ணா வந்து பக்கத்தில் குந்தினான். காலையிலிருந்து அவன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. "டாங்கியை முழுக்க நீதான் செய்தனீ" என்றான்.

"எழுதித் தா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய்க் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அவனுடைய அழகான கையெழுத்தில், இந்த டாங்கியைச் செய்தது என் தங்கச்சி என்று எழுதிக் கீழே கையொப்பமும் வைத்துக் கொண்டுவந்தான். நான் அதை இரண்டு முறை வாசித்தேன். அதில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

"குழலையும் எழுது."

குழலையும் என்று எழுதினான். எழுதும்போதே தாளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. தோள் குலுங்கிற்று. தோற்றுப்போனதற்காக அழுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். பதினெட்டு வயதில் ஒரு டாங்கிக்காக இப்படி அழுவார்களா என்று, பக்கத்தில் இருந்த எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.